ஜாஸும் நம் தப்பும்

கோலாலம்பூர், ஜாலான் மெசுயி, நோ பிளாக் டை அரங்கின் ஜாஸ் கச்சேரிகளுக்குப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் படித்த வாலிபர் செல்வதை வரவேற்கிறோம். ஆயினும் இனிச் செல்லவிருப்போர்க்கு ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஜாஸ் யாருடைய சொத்து? நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் காங்கோ சதுக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய அடிமைகள் அடித்த முரசிலே அதன் வேர் இருக்கிறது. ஆனால் 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் வாசித்த ஐவரும் வெள்ளையரே! பாடுபட்டவன் ஒருவன், பேர் பெற்றவன் வேறொருவன்.

ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் முறைவைத்துத் தம் கற்பனையை விரிப்பதும், மற்றவர் துணைநிற்பதுமே ஜாஸின் சிறப்பு. நம் வித்துவான்கள் மனோதர்மம் என்பதும் இதற்கு நெருங்கிய உறவே. இந்நாட்டு லூயிஸ் பிரகாசம் 1979இல் தொடங்கிய ஆசியாபீட் குழு, ஜாஸோடு ஆசியத் தாளங்களைச் சேர்த்து வாசித்துக் காட்டியது. ஆகவே நம் தோற்கருவி ஜாஸுக்கு அந்நியமன்று.

ஆங்கிலம் படித்துத் தோட்டத்துக் கிராணிகளான நாமோ, அமெரிக்க அடிமையின் தாளத்துக்குத் தலையாட்டுகிறோம். லயத்தில் தப்பு முழங்கினால் முகம் சுளிக்கிறோம். குறை தாளத்திலா? அடிப்பவனது சாதியை எண்ணியன்றோ சுளிக்கிறோம்! இதற்கு வெட்கப்படுகிறோம்.

காசு கொடுத்து ஜாஸ் கேட்டு வருபவர், தம் வீட்டு விசேஷத்தில் தப்புக்காரருக்கும் சரியாசனம் தந்து கேட்பாராக. அன்றுதான் அவருக்கு ஜாஸ் விளங்கிற்று என்று ஒப்புவோம்.