ஓர் இடம் கூடுதலாக

மாதிரி நிரலை எடுத்து ஒட்டிக்கொள்கிறோமே தவிர, நின்று படிப்பதில்லை. படித்து ரசிக்கப் பழக, ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் உள்ள கெட்எஃப்எஸ்ஸ்டாட் அழைப்புக்கான மாதிரி நல்ல தொடக்கம். மவுண்ட் ஆகியிருக்கும் கோப்பு முறைமைகளைக் கர்னலிடம் கேட்கும் அழைப்பு இது. பஃபர் தராமல் அழைத்தால் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கி மறுபடி அழைத்தால் விவரங்களை நிரப்பித் தரும். இந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவே நிரல் எழுதியவர் என்ன நினைத்திருக்கிறார் என்பதில்தான் நிரலின் அழகு இருக்கிறது என்பேன். அந்த இடைவெளியில் ஒரு பென் டிரைவ் மவுண்ட் ஆகலாம். அப்போது பஃபர் போதாது. ஆனால் பிழை எதுவும் வராது. கொண்டவரை நிரப்பிவிட்டு, நிரப்பிய எண்ணிக்கையையே கர்னல் திருப்பித் தரும். ஆக, முழுதாக நிரம்பிய பஃபரைப் பார்த்து, பட்டியல் முடிந்ததா பாதியில் அறுந்ததா என்று சொல்லவே முடியாது. இதற்கு பிஎஸ்டி சி நூலகத்தின் கெட்எம்என்டிஇன்ஃபோ கண்ட வழி அருமையானது: எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி இடம் ஒதுக்கும். பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போடுவது போலத்தான். அந்த இலை காலியாக இருந்தால் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அதிலும் ஆள் வந்துவிட்டால் வெளியே இன்னும் யாரோ நிற்கக்கூடும், பஃபரைப் பெரிதாக்கி மறுபடி கேட்க வேண்டும்.

மாதிரி என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும், இத்தனை எச்சரிக்கை கருத்தை மறைத்துவிடும் என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் இங்கே கூடுவது ஒரு கூட்டலும் ஒரு சுற்றும் மட்டுமே. அவை விளக்குவதோ இந்த அழைப்பின் இயல்பையே. மவுண்ட் மாறுவது அபூர்வம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அபூர்வமாக வரும் பிழைதான் சோதனையில் சிக்காமல் தப்பிவிடுகிறது.

அடுத்து, கொடியைப் பாருங்கள். எம்என்டி_வெயிட் என்றால் ஒவ்வொரு கோப்பு முறைமையிடமும் புதிதாகக் கேட்டு வரும். எங்கோ ஒரு என்எஃப்எஸ் சர்வர் படுத்துக்கிடந்தால் நிரலும் அங்கேயே நின்றுவிடக்கூடும். எம்என்டி_நோவெயிட் உடனே பதில் தரும், ஆனால் காலியிடக் கணக்கு பழையதாக இருக்கலாம். பெயர்களை மட்டும் அச்சிடும் மாதிரி நோவெயிட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால், எழுதியவர் தனக்கு எது தேவை என்று யோசித்திருக்கிறார். வட்டில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் நிரலில் அதே கொடி இருந்தால், ஏன் என்று ஒரு வரியாவது குறிப்பு எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள்.