தகர டப்பா

ஹெவி மெட்டல் வாசிக்க டிரம் செட் வாங்கப் போறீங்களா? எத்தனை டிரம் என்று எண்ணாதீர்கள். 2003-ல் வந்த மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பம் கேளுங்கள். காசுக்குப் பஞ்சமில்லாத குழு. ஆனால் லார்ஸ் உல்ரிச், ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்ததில் ஆல்பம் முழுக்க தகர டப்பா சத்தம். பல ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயம் விலையில் இல்லை, சுதியில். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரை, தோல் பறை அடிப்பவர்களுக்கு இது தெரியும். நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, விறைப்பு ஏறிய பிறகுதான் முதல் அடி. ஒரே தோல்தான், ஊரே அதிரும்.

எனவே முதல் காசு நல்ல ஸ்னேருக்கு. இரண்டாவது பேஸ் டிரம் வேண்டாம். டபுள் பெடல் இருந்தால் ஒரே டிரம்மை இரண்டு காலாலும் விளாசலாம். மிச்சத்துக்குப் புதுத் தோல் வாங்கி, ட்யூன் பண்ணக் கத்துக்குங்க. இல்லாவிட்டால் ஏழு டிரம் வாங்கினாலும் ஏழு டப்பாதான்!