சாக்ஸபோனில் ஒரு தோடி

புதுச்சேரி உப்பளம் பக்கத்தில் கோயில் திருவிழாவிலோ கல்யாண வரவேற்பிலோ ஓர் இளைஞர் சாக்ஸபோனை எடுத்தால், இரண்டாவது உருப்படி முடிவதற்குள் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிடும். "கத்ரி மாதிரி இல்லையேப்பா" என்பார் ஒருவர். "பையனுக்கு விரல் என்னமா ஓடுது பாருங்க" என்பார் இன்னொருவர். "என்ன இருந்தாலும் நாயனத்துக்கு ஈடாகுமா?" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். இந்த மூன்றையும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். மூன்றிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் வளரும் பிள்ளையை நிறுத்துப் பார்க்க இந்த மூன்று படிக்கற்களும் போதாது.

பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் இந்தக் கருவிக்குப் பாரீசில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1846. அப்போது நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆனாலும் சாக்ஸபோன் கர்நாடக இசைக்குள் அழுத்தமாக வந்து சேர்ந்த வழி மைசூர். அங்கே அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தார் கத்ரி கோபால்நாத். 1949-இல் தென் கன்னட மாவட்டத்தில் ஒரு நாகஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம் கேட்டார். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்திரை மேடை, 1994-இல் லண்டன் பிராம்ஸ் இசை விழா என்று அவர் போன தூரம் பெரிது. அதே 1994-இல் அவர் வாசிப்போடு வந்த 'டூயட்' படத்தால்தான் தமிழ்நாட்டின் பல வீடுகளுக்குச் சாக்ஸபோன் என்ற பெயரே பழகியது. 2019 அக்டோபரில் அவர் மறைந்தார். அவருக்குப் பின் இந்தக் கருவியைத் தொடும் எவருக்கும் அவர் பெயரே முதல் அளவுகோலாகிவிட்டது.

அவர் நாயன வீட்டுப் பிள்ளை என்பது இங்கே முக்கியம். நாகஸ்வரத்தின் உள்துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரிவது. சாக்ஸபோனும் அப்படியே. அதனால் இரண்டிலும் ஊதும் அழுத்தத்தை மாற்றினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். உள்துளை நேர்குழாயாக உள்ள கிளாரினெட்டில் இந்த வசதி கிடையாது. அந்தக் கருவியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தி, 2008-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்ற ஏ.கே.சி. நடராஜனின் உழைப்பு எத்தகையது என்பது இதை யோசித்தால் புரியும்.

சாக்ஸபோனின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாயனத்தில் விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. பாதி மூடலாம், கால் மூடலாம், வழுக்கலாம். மீதியைச் சீவாளியில் உதடு பார்த்துக்கொள்ளும். சாக்ஸபோனிலோ துளைகளை மூடித் திறப்பவை உலோகச் சாவிகள். அமுக்கினால் ஒரு ஸ்வரம், விட்டால் அடுத்தது. மோகனத்தையும் ஹம்சத்வனியையும் இதில் பளபளப்பாக வாசித்துவிடலாம். தோடியின் காந்தாரம் அப்படி அகப்படாது. அது ஓர் இடத்தில் நிற்கும் ஸ்வரமே இல்லை, அசைவுதான் அதன் உயிர். அந்த அசைவை உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும்தான் கொண்டுவர வேண்டும். வேகம் இந்தக் கருவியில் எளிது, விளம்பம்தான் கடினம். 'விரல் ஓடுது' என்று மெச்சுகிறவர்கள் பிள்ளைக்கு எளிதாக வருவதையே மெச்சுகிறார்கள்.

அப்படியென்றால் எதைக் கேட்பது? நாயன மரபே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றதும் நினைவுக்கு வருவது மணிக்கணக்கில் விரியும் தோடி ஆலாபனை. திருவீழிமிழலைச் சகோதரர்களிடம் கீர்த்தனையின் பாடாந்தரம் பிசகாது. செம்பனார்கோயில் பரம்பரையின் பலம் ரக்தி மேளமும் லயக் கணக்கும். ராஜரத்தினத்தின் சீடரான காருகுறிச்சி அருணாசலத்திடம் நாதம் தேனாக இறங்கும். ஆந்திரத்திலிருந்து தஞ்சாவூர்ப் பாணியைத் தேடி வந்து, நாச்சியார்கோயிலில் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர் ஷேக் சின்ன மௌலானா. இத்தனை பாணிகள் ஒரே கருவியில். ராஜரத்தினம் போல இல்லை என்பதற்காகத் திருவீழிமிழலையை யாராவது தள்ளிவைத்தார்களா? பிறகு சாக்ஸபோனுக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு பாணி?

இந்தச் சண்டை ஜாஸ் உலகத்திலும் நடந்ததுதான். 1934-இல் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் இடத்துக்கு லெஸ்டர் யங் என்ற இளைஞர் வந்தார். ஹாக்கின்ஸின் நாதம் கனமானது, முழங்குவது. யங்கின் நாதம் மெலிது, காற்றோட்டமானது. ஹாக்கின்ஸ் போல ஊது என்று சுற்றியிருந்தவர்கள் நெருக்கினார்கள். ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக்காட்டிப் பாடமே நடத்தினார். யங் மாறவில்லை, குழுவை விட்டு விலகினார். சில ஆண்டுகளில் கவுண்ட் பேசி குழுவில் அவர் வாசித்ததைக் கேட்டு ஒரு தலைமுறையே அந்த மெல்லிய நாதத்தின் பின்னால் போனது. பெரிய சாக்ஸபோன் கலைஞர்களுக்கும் காலம் தேவைப்பட்டது. ஜான் கோல்ட்ரேன் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்து வெளியுலகுக்குத் தெரியவந்தபோது அவருக்கு வயது 29. சோனி ராலின்ஸ் புகழின் உச்சியில் இருக்கும்போதே, 1959-இல் மேடையை விட்டு ஒதுங்கி, நியூயார்க்கில் ஒரு பாலத்தின் மேல் நின்று இரண்டு ஆண்டுகள் தனியே சாதகம் செய்தார்.

நாமோ இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு திருவிழாக் கச்சேரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நான் கேட்பது மூன்று விஷயங்கள். கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை ஆடாமல் அலுங்காமல் நீட்ட மூச்சு இருக்கிறதா? ஸஹானாவோ பேகடாவோ எடுத்தால் முதல் பிடியிலேயே ராகம் முகம் காட்டுகிறதா? தவில் சொல்லும்போது வாயை எடுத்துவிட்டுக் கேட்கத் தெரிகிறதா? இவை இருந்தால், சுருதி அங்கங்கே சற்றுச் சறுக்கினாலும் கவலையில்லை, அது சாதகத்தில் சரியாகிவிடும். இவை இல்லாமல் கத்ரியின் சங்கதிகளை அப்படியே நகல் எடுத்தால், ரசிகர்களுக்கு அன்றைக்குச் சந்தோஷம், பிள்ளைக்கு நஷ்டம். கத்ரியே யாரையும் நகல் எடுத்து வந்தவர் அல்லர். எடுக்க அவருக்கு முன்னால் பெரிதாக எவரும் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நம் பகுதி மேடையில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ சாக்ஸபோனுடன் உட்கார்ந்தால், சினிமாப் பாட்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பாதீர்கள். தோடி என்று எழுதி அனுப்புங்கள். அது முடியும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள்.