பூச்சியம் யாருக்கு? பாரிஸ் பிறேக்கிங்கும் சிட்னி அரங்கேற்றங்களும்

2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கின் பிறேக்கிங் போட்டியில், சிட்னியைச் சேர்ந்த றேச்சல் கன் மூன்று எதிராளிகளிடமும் 18-0 என்ற கணக்கில் தோற்றார். ‘றேகன்’ என்பது அவரது ஆட்டப்பெயர். 36 வயதான இவர் அப்போது பல்கலைக்கழக விரிவுரையாளர். சிட்னியின் பிறேக்கிங் பற்றியே ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் கங்காருபோலத் துள்ளியதைப் பார்த்து உலகமே சிரித்தது. எம்மவரும் சிரித்தனர். பிள்ளைகளின் அரங்கேற்ற அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்து சிரித்தவர்களும் அவர்களுள் அடக்கம். அதனாற்தான் இதை எழுத வேண்டியுள்ளது.

முதலில் அந்தப் பூச்சியம். ஒன்பது நடுவர்கள், இரண்டு சுற்றுகள். ஒவ்வொருவரும் இருவரில் யார் மேல் என்று மட்டுமே சொல்கிறார்கள். எனவே 18-0 என்பது எதிராளியே மேல் என எல்லோரும் கருதினர் என்பதுதான். ஆட்டத்தில் ஒன்றுமே இருக்கவில்லை என்பதல்ல. நுட்பம், அசைவுகளின் சொல்வளம், செய்நேர்த்தி, இசையோடு இயைதல், தனித்துவம் என்ற ஐந்தும் அங்கே சமமாக எடைபோடப்பட்டன. உடல்வலிமையில் அந்த இளம் பெண்களை வெல்ல முடியாது என்று தெரிந்தே தனித்துவத்தை நம்பி இறங்கியதாக அவரே பின்னர் சொன்னார். என் அபிப்பிராயத்தில் பிழை அங்கேதான். தனித்துவம் ஐந்தில் ஒன்றாகப் புள்ளித்தாளில் இருக்கலாம். ஆட்டத்தில் அது மற்ற நான்கின் ஊடாகவே வெளிப்படும். ஆனால் அவர் துணிந்தார். அந்தத் துணிவு எமது மேடைகளில் இருக்கிறதா?

1970களில் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் கறுப்பின, புவேட்டோ றிக்கோ இளைஞர்கள் உருவாக்கிய ஆட்டம் இது. 1980களில் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறிகளின் பிள்ளைகள் இதைப் பற்றிக்கொண்டனர். கற்கும் முறை மிகக் கட்டுப்பாடானது. நின்றாடும் அடி, கை ஊன்றித் தரையில் சுற்றும் ஆறு அடிகள், உறைந்து நிற்கும் நிலை என்று எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். பயிற்சியில் பிறரைப் பார்த்துச் செய்யலாம். ஆனால் வட்டத்துக்குள் இறங்கி இன்னொருவரின் அசைவை அப்படியே ஆடினால் அதற்குப் பெயர் ‘கடித்தல்’, அதாவது களவு. எந்தப் பாட்டு வரும் என்று தெரியாது. முன்னே ஆடியவருக்கு உடலாற் பதில் சொல்லியாக வேண்டும். சுற்றி நிற்பவர்கள் சும்மா பார்ப்பவர்களல்லர், அடுத்து ஆடப்போகிறவர்கள்.

இனி எமது மேடைக்கு வருவோம். எட்டுப் பத்து வருடப் பயிற்சி, சென்னையிலிருந்து அழைக்கப்படும் பக்கவாத்தியம், வாடகை மண்டபம், வீடியோ. அலாரிப்பிலிருந்து தில்லானாவரை எல்லாம் மனப்பாடம். வர்ணத்தின் சஞ்சாரியைக்கூட ஆசிரியை கட்டமைத்துக் கொடுக்கிறார், பிள்ளை ஒப்புவிக்கிறது. இதுதான் மரபு என்றால், பாலசரஸ்வதி எந்த மரபைச் சேர்ந்தவர்? ஒரு வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, அந்த வேளையில் தோன்றியதை அபிநயித்தவர் அவர். மனோதர்மம் என்று அதற்கு எம்மிடம் சொல்லே இருக்கிறது. சொல் இருக்கிறது, பொருளைத்தான் விமானத்தில் ஏற்றவில்லை.

அகதியாய் வந்த சமூகம் வடிவத்தைக் காப்பாற்றியதே பெரிது என்பார்கள். மறுக்கவில்லை. 1983க்குப் பின் எதையெல்லாம் விட்டு ஓடிவந்தோம் என்பது எமக்குத் தெரியும். ஆனால் பதத்தின் மொழியே விளங்காத பிள்ளை எதை வைத்து மனோதர்மம் செய்யும்? அரங்கேற்றத்தோடு பல சலங்கைகள் அலுமாரிக்குள் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணமில்லையா?

ஹிப்-ஹொப் வகுப்புக்கு அனுப்பினால் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒரே ரீ-ஷேர்ட் அணிந்த பன்னிரண்டு பிள்ளைகள் கண்ணாடிமுன் பழகிய அசைவுகளை கலைவிழாவில் ஒன்றாகச் செய்வதும் இன்னொரு ஒப்புவித்தலே. வட்டம் இல்லாத இடத்தில் தெரு நடனமும் மேடை உருப்படியாகிவிடுகிறது.

அன்று அதே மேடையில் ஏறிய இன்னொரு பெண்ணை எம்மவர் அதிகம் பேசவில்லை. மனிஷா தலாஷ், காபூலில் பிறேக்கிங் பழகி, 2021இல் தப்பியோடி, ஸ்பெயினில் தஞ்சமடைந்தவர். அகதிகள் அணியில் ஆடினார். ஆட்டத்தின் நடுவே, ஆப்கான் பெண்களுக்கு விடுதலை கோரும் வாசகம் எழுதிய நீலத் துணியை விரித்துக் காட்டினார். அரசியல் வாசகம் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். தனித்துவத்துக்குப் புள்ளி போடும் போட்டி, அவர் சொல்ல வந்ததைச் சொன்னதும் கதவை மூடியது.

இந்த விதி ஒலிம்பிக்கில் எழுதியிருக்கிறது. எமது விழாக் குழுக்களில் எழுதாமலே இருக்கிறது. பிள்ளைக்கு விளங்கும் ஒரு தமிழ் வரியைக் கொடுத்து, ஐந்து நிமிடம் நீயே ஆடு என்று விட்டால், நாயகனுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவள் கேட்கக்கூடும். வீட்டில் பேசாத யுத்தத்தை ஆடக்கூடும். அல்லது ஒன்றும் தோன்றாமல் நின்றுவிடக்கூடும். முன்வரிசையில் இருக்கும் நாம் அப்போது என்ன செய்வோம்? ஆசிரியைகளும் பெற்றோரும் இதற்கு அடுத்த இதழில் எழுதவேண்டும்.