ஒரு நாளுக்கு ஒரு ஃபிரேம்: பழனிமலையில் ஸ்டாப் மோஷன் படத்துக்கான ஆய்வும் திட்டமும்

ஸ்டாப் மோஷன் படத்தில் கேமராவுக்கு முன்னால் எதுவும் அசைவதில்லை. பொம்மையைச் சிறிது நகர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு ஒரு படம். மறுபடி சிறிது நகர்த்தி இன்னொரு படம். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது பரவலான வழக்கம். அந்தக் கணக்கில் விநாடிக்கு 12 படங்கள், நிமிடத்துக்கு 720, ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு 3,600. ஒரு ஷாட்டின் நூறாவது படத்தில் மேசை இடிபட்டால் பெரும்பாலும் அந்த ஷாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் பத்து டேக் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு வழியில்லை. என்ன நடக்கும், எவ்வளவு நேரம் நடக்கும், எந்தக் கோணத்தில் தெரியும் என்பதெல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். அதனால் இக்கலையில் ஆய்வும் திட்டமும் படத்தின் சரிபாதி.

இந்திய சினிமாவின் தொடக்கத்திலேயே இந்த முறை உண்டு. தாதாசாகேப் பால்கே 1912இல் தொட்டியில் பட்டாணி ஊன்றி, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குப் பணம் போடத் தயங்கியவர்களை இணங்கவைத்தது அந்தச் சிறு படம்தான். பின்னர் தீக்குச்சிகளை அசையவைத்தும் ஒரு படம் எடுத்தார். அண்மைக் காலத்தில் சுரேஷ் எரியட் இயக்கிய ‘டோக்ரி’, மும்பைத் தெருவில் கூடை விற்கும் ஒரு சிறுமியின் கதை. களிமண் பொம்மைகளைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்து எடுக்கப்பட்ட அது, 65ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்டது. தமிழில் சொல்லிக்கொள்ளும்படியான நீண்ட ஸ்டாப் மோஷன் மரபு இல்லை. ஆனால் ஒவ்வொரு படமாக எடுத்துக் காலத்தைச் சேர்க்கும் வேலையில் உலகமே மதிக்கும் ஒரு சேகரம் தமிழ்நாட்டில், பழனிமலைத் தொடரின் மேல் இருக்கிறது.

அது கோடைக்கானல் சூரிய ஆய்வகம். 1870களின் பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுப்பட்டது. சென்னை வானாய்வகத்தின் மிச்சி ஸ்மித் தெளிந்த வானத்துக்காகத் தேர்ந்த இடம் கோடைக்கானல். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், 1899இல் பணி இங்கே மாற்றப்பட்டு, 1901இல் கண்காணிப்பு தொடங்கியது. 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் நாள்தோறும் கண்ணாடித் தட்டுகளில் எடுக்கப்பட்டன. கால்சியம் ஒளியிலும் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுத்த வரிசைகள் அடுத்த சில ஆண்டுகளில் சேர்ந்தன. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கேதான். இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் உள்ள இந்தத் தட்டுகள் எண்மமாக்கப்பட்டு, இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன.

நாளுக்கு ஒரு படம் என்று வைத்து, விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால், பூமியிலிருந்து பார்க்க ஏறத்தாழ 27 நாளில் சூரியன் சுழலும் ஒரு சுற்று ஒரு விநாடியைச் சற்றே தாண்டும். ஏறக்குறைய 11 ஆண்டு நீளும் புள்ளிச் சுழற்சி மூன்று நிமிடத்துக்குள் முடியும். புள்ளிகள் நடு அட்சரேகைகளில் தோன்றி, சுழற்சி முதிர முதிர நடுக்கோட்டை நெருங்குவது கண்ணுக்கே தெரியும். நூறு ஆண்டுகள் இருபத்தைந்து நிமிடப் படம். எடுத்தவர்கள் எவருக்கும் இது படமாக ஓடும் என்ற எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் ஒரே ஒழுங்கு, ஒவ்வொரு தட்டோடும் தேதியும் நேரமும் என்று அவர்கள் காத்த கட்டுப்பாடுதான் அதை ஓடவைக்கிறது.

ஓடும்போது தெரியவரும் குறைகளும் பாடம் சொல்கின்றன. மேகமூட்ட நாள்களில் வரிசை அறுந்து புள்ளிகள் துள்ளுகின்றன. தட்டின் பூச்சு மாறிய இடங்களில் வெளிச்சம் படபடக்கிறது. பூமி ஜனவரியில் சூரியனுக்கு அருகிலும் ஜூலையில் தொலைவிலும் இருப்பதால் வட்டு ஆண்டுக்குள் சுருங்கி விரிகிறது. அதைச் சமன்செய்தாக வேண்டும். சில தட்டுகளில் நேரக் குறிப்பும் திசைக் குறிப்பும் தவறியிருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டு திருத்தவேண்டியிருந்தது. ஸ்டாப் மோஷன் செட்டில் நேர்வதும் இவையே: விடுபட்ட ஃபிரேம், ஃப்ளிக்கர், நகர்ந்த கேமரா, குறிக்காத விவரம். படம் எடுக்கும் நாளில் ஒரு நிமிடத்தில் எழுதிவைத்திருக்கக்கூடிய குறிப்பைப் பின்னால் தேட மாதங்கள் ஆகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஃபிரேம் எண், பொம்மையின் நிலை, வசனத்தின் எழுத்து, லென்ஸ், விளக்கின் உயரம் ஆகியவற்றைக் குறிக்கும் தாளை அனிமேஷன் தொழிலில் எக்ஸ்-ஷீட் என்பார்கள். அதை நிரப்பச் சோம்பும் குழு படத்தை முடிப்பது அரிது.

பழனிமலையைக் களமாகக் கொண்ட படத்துக்கு ஆய்வில் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி, கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பது. இன்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அன்றைய மலையைச் செய்துவிட முடியாது. அமெரிக்க மறைப்பணியாளர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். ஏரி வெட்டப்பட்டது 1863இல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சின் முயற்சியால். 1850இல் நடக்கும் கதையில் ஏரி வந்தால் பிழை. அங்கே இருந்தது ஓடையும் சதுப்பும்தான். பைன் காடு இருபதாம் நூற்றாண்டின் நடவு. இன்று மேட்டுநிலத்தை மூடியிருக்கும் வாட்டிலும் தைல மரமும் பெருமளவில் வந்தது அதற்கும் பிறகு. அதற்கு முன் மலையின் மேல்பரப்பு பெரும்பாலும் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலைக் காடு. மோட்டார் ஏறும் மலைப்பாதை 1910களில் முடிவதற்கு முன் வந்தவர்கள் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் மேலேறினார்கள். செட்டில் வைக்கும் ஒவ்வொரு மரமும் ஒரு தேதியைச் சொல்கிறது. இதில் கவனம் பிசகும் படங்களே அதிகம். புல்வெளியின் இழப்பு பழனிமலையின் பெருந்துயரம் என்பதால், அந்தப் பிழை வெறும் அலங்காரப் பிழையாக நின்றுவிடுவதுமில்லை.

இவற்றைச் சரிபார்க்க வழி உண்டு. கே. எம். மேத்யூ பாதிரியாரின் பழனிமலைத் தாவரத் தொகுதிகள் எந்தச் செடி எந்த உயரத்தில் வளரும் என்று சொல்லும். இன்னும் பழைய காலத்துக்குப் போகிறவர்களுக்கு, ஆங்லாட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதி, தொல்லியல் துறை 1928இல் வெளியிட்ட பழனிமலைக் கல்திட்டைகள் பற்றிய நூல் இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் அத்தகைய கல்திட்டைகளை இன்றும் நேரில் பார்க்கலாம். பூம்பாறை போன்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல்களும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும், வீடுகளின் நெருக்கமும் மினியேச்சர் செட்டுக்கு அருமையான மாதிரிகள்.

செண்பகனூரில் சேசு சபையார் 1895இல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தனியாகக் கவனிக்கத் தக்கது. பாடஞ்செய்த விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் அங்கே அருகிலிருந்து அளக்கும் தொலைவில் நிற்கின்றன. ஸ்டாப் மோஷனின் முன்னோடிகளில் ஒருவரான லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் இப்படியொரு அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர்தான். லித்துவேனியாவின் கவுனாஸ் நகரில் வேலை பார்த்தபோது, கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படமெடுக்க முயன்றார். விளக்கைப் போட்டதும் அந்த இரவுப் பூச்சிகள் அசையாமல் கிடந்தன. 1910இல் செத்த வண்டுகளின் உடலில் கம்பி பொருத்தி, ஒவ்வொரு படமாக அவற்றைச் சண்டையிட வைத்தார். பார்த்தவர்களில் சிலர் பழக்கிய பூச்சிகள் என்றே நம்பினார்கள்.

பாடஞ்செய்த உடல் வடிவத்தையும் எடையின் பங்கீட்டையும் சொல்லும், நடையைச் சொல்லாது. கோடைக்கானல் தெருக்களுக்கே வந்து மேயும் காட்டெருமைக்குத் தோளில் உயர்ந்த திமில், முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அது நடக்கையில் தலை எப்போது தாழ்கிறது, எந்தக் கால் எப்போது தரையை விடுகிறது என்பதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள முடியும். 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் குதிரையின் ஓட்டத்துக்குச் செய்தது இதுதான்.

வசனம் உள்ள படமென்றால் குரல்பதிவு படப்பிடிப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஒலியும் எத்தனை ஃபிரேம் நீள்கிறது என்று எண்ணி எழுதிய பிறகே பொம்மைக்கு வாய் மாற்ற முடியும். அனிமேஷன் பாடநூல்களில் உள்ள வாயசைவு அட்டவணைகள் ஆங்கிலத்துக்காக வரையப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழுக்கு வைத்தால் பொம்மை டப்பிங் படத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். தமிழுக்கு வேண்டிய அட்டவணையின் அடிப்படை தொல்காப்பியப் பிறப்பியலில் இருக்கிறது. அங்காந்து பிறப்பவை எவை, இதழ் குவிந்து பிறப்பவை எவை, இதழ் இயைந்து பிறப்பவை எவை, மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து பிறப்பது எது என்று அது வகுத்துவைத்திருக்கிறது. பகரத்துக்கும் மகரத்துக்கும் மூடிய வாய் ஒன்று, வகரத்துக்கு ஒன்று, உகர ஒகரங்களுக்குக் குவிந்த வாய் ஒன்று, அகர ஆகாரங்களுக்குத் திறந்த வாய் ஒன்று, இகர எகரங்களுக்கு இரண்டு என ஆறேழு வாய்களில் பெரும்பாலான வசனம் அடங்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற அளவும் ஃபிரேம் எண்ணுகிறவருக்கு நேரடியாக உதவும். குறிலுக்கு ஒரு படம் தந்தால் நெடிலுக்கு இரண்டு. பேச்சில் இது நெகிழும் என்றாலும், தொடங்குவதற்கு இதைவிட நல்ல அளவு இல்லை.

அளவு விகிதத்தைக் காகிதத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும். ஆளை 28 செ.மீ. பொம்மையாகச் செய்தால் விகிதம் ஏறத்தாழ ஆறில் ஒன்று. அதே விகிதத்தில் கோடைக்கானலின் 122 மீட்டர் உயரத் தூண் பாறையைச் செய்ய 20 மீட்டருக்கு மேல் உயரமான கூரை வேண்டும். ஆகவே தொலைவுக் காட்சிக்குப் பாறையை நூறில் ஒரு பங்காகத் தனியே செய்து பின்னால் வைப்பார்கள். நடுவில் வெண்துணி மறைப்பு மூடுபனியாகும். உண்மையான இடத்தை ஆராய்ந்து செட்டாகக் கட்டுவதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் கோடைக்கானலின் குணா குகையின் உட்புறத்தைக் கேரளத்தில் செட் போட்டே படமாக்கியது. அது ஆளுயர செட். ஆனால் பாறையின் ஈரம், பாசி, வெளிச்சம் விழும் கோணம் என்று கவனித்துச் சேர்க்க வேண்டியவை மினியேச்சருக்கும் பொருந்தும்.

படப்பிடிப்பு அறை மலையிலேயே அமையுமானால் தட்பவெப்பம் திட்டத்துக்குள் வர வேண்டும். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் களிமண் குளிரில் இறுகும், விளக்குச் சூட்டில் இளகும். காலையில் இறுகிய பொம்மையும் மாலையில் இளகிய பொம்மையும் ஒரே விரலழுத்தத்துக்கு ஒரே அளவு அசையாது. ஆர்மேச்சர் எனப்படும் உள்எலும்பை அலுமினியக் கம்பியில் முறுக்கினால் செலவு குறைவு. பலமுறை வளைத்தால் அது முறியும் என்பதால் முக்கியப் பாத்திரத்துக்கு இரண்டு மூன்று பொம்மை வேண்டும். மூடுபனி நாளில் லென்ஸில் நீர் படியும். ஜன்னலை முழுக்க மறைக்க வேண்டும், இல்லையென்றால் மேகம் கடக்கும்போதெல்லாம் அறை வெளிச்சம் மாறிவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் விளக்கும் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் கட்டாயம். கேமராவில் தானியங்கி அமைப்பு எல்லாவற்றையும் அணைத்து, கையால் மூடும் அப்பெர்ச்சர் உள்ள பழைய லென்ஸைப் பொருத்தினால் ஃப்ளிக்கரில் பாதி போய்விடும். அனிமேட்டர் கருப்புச் சட்டை போடுவதுகூடத் திட்டத்தின் பகுதிதான். வெள்ளைச் சட்டை விளக்கொளியைப் பொம்மைமேல் திருப்பும்.

வேகத்தைப் பொறுத்தவரை, பழகிய ஒருவர் நாளுக்குச் சில விநாடிகள் எடுத்தால் நல்ல நாள். ஸ்டோரிபோர்டுப் படங்களைக் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக்கிலேயே தேவையற்ற ஷாட்டுகளை வெட்டிவிடுவதுதான் இந்தத் தொழிலில் கிடைக்கும் பெரிய சேமிப்பு.

காட்டுக்குள் குறிப்பெடுக்கப் போகிறவர்களுக்கு அனுமதி வேண்டும். பழனிமலையின் ஒரு பகுதி 2013இல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. இம்மலையின் பழங்குடியினரான பளியரின் ஊர்களில் பாட்டோ, கதையோ, தேனெடுக்கும் முறையோ கேட்டுப் பதிவுசெய்தால், எதற்காக என்று சொல்லி இசைவு பெற்று, உரிய தொகை தந்து, படத்தில் பெயர் போட வேண்டும். பொம்மைக்கு அசைவு தருகிறவரைப் போலவே அவர்களும் படத்தின் உழைப்பாளிகள்.

இந்த மலையின் பெரும் காட்சியான நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலை நிறையப் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல். மொட்டு விரிவதும் சரிவு நிறம் மாறுவதும் ஒரு பருவத்துக்குள் நடந்து முடியும். தவறவிட்டால் 2042 வரை காத்திருக்க வேண்டும். குறிஞ்சியைப் படத்தில் வைக்க நினைக்கும் குழு, இடத்தையும் கேமரா நிற்கும் புள்ளியையும் தேர்ந்து, அனுமதி வாங்கி, 2029க்குள் ஆயத்தமாகிவிடட்டும்.