மொஹ்ஜா கஹ்ஃப்: உள்ளிருந்து எழும் குரல்

முஸ்லிம் பெண் என்றதும் மேலை வாசகரின் மனத்தில் எழுவது ஒடுங்கிக் கிடக்கும் அபலையின் சித்திரம். இது தொன்றுதொட்டு வந்ததன்று என்பதை 1999இல் வெளியான தம் ஆய்வு நூலில் மொஹ்ஜா கஹ்ஃப் நிறுவினார். இடைக்கால ஐரோப்பியக் கதைகளில் அவள் உரத்துப் பேசும் அரசி. ஐரோப்பிய ஆதிக்கம் ஓங்க ஓங்கவே அந்தப்புரக் கைதியாகச் சுருங்கினாள். இதை ஆய்ந்தவரே பின்னர் நாவலாசிரியராகவும் ஆனார் என்பதில்தான் நம் அக்கறை. அபலையையே எதிர்பார்த்திருக்கும் வாசகர் முன், தம் சமுதாயத்தின் குறைகளை ஒரு முஸ்லிம் எழுத்தாளர் எவ்வாறு பேசுவது?

1967இல் டமாஸ்கஸில் பிறந்த கஹ்ஃப், 1971இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். இஸ்லாமியப் பொருளியல் அறிஞர் முன்திர் கஹ்ஃப் இவருடைய தந்தை. ரட்கர்ஸில் ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

2003இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதை பரவலாக அறியப்பட்டது. பாட்டி ஒருவர் தொழுகைக்காக உளூச் செய்கிறார்; இடமோ சியர்ஸ் கடையின் கழிவறை. கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்ததும் அங்கிருந்த அமெரிக்கப் பெண்கள் முகம் சுளிக்கின்றனர். இரு மொழியும் அறிந்த பேத்தி நடுவில் நிற்கிறாள். தூய்மை பற்றிய பிடிவாதத்தில் இரு தரப்பும் ஒன்றே என்பதை அவள் மட்டும் காண்கிறாள். உளூச் செய்ய இடம் தேடி அலைந்த எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

2006இல் வெளியான 'தி கேர்ள் இன் தி டேஞ்சரின் ஸ்கார்ஃப்' நாவலின் நாயகி கத்ரா, இண்டியானாவில் தஅவாப் பணியாற்றும் குடும்பத்தில் வளர்கிறாள். ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில் சுப்ஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசல் போகும் அவளைக் காவலர் பிடித்துவந்து தந்தையிடம் ஒப்படைக்கின்றனர். பெண்களைப் பள்ளிவாசலிலிருந்து தடுக்கலாகாது என்ற நபிமொழியை அறிந்த வாசகருக்கு இக்காட்சி தரும் வலி வேறு. இங்கே கஹ்ஃபின் கோபம் மார்க்கத்தின் மீதன்று. மார்க்கத்தின் பெயரால் நடப்பதன் மீது. ஸுஹுரா என்ற கறுப்பினப் பெண்ணின் கொலையை எழுதும்போது அமெரிக்கரின் இனவெறியை மட்டுமல்ல, நம்மவரிடையே உள்ள நிறபேதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கத்ராவின் மணவாழ்வு முறிகிறது. கருவைக் கலைக்கும் அவளது முடிவு நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் அதை வெற்றி முழக்கமாக்காமல் துயரமாகவே எழுதியிருப்பது நேர்மை. சிரியாவில் நழுவும் முக்காட்டை அவள் பின்னர் தன் விருப்பால் அணிகிறாள். இதனால் 'தப்பியோடிய பெண்' கதையை நாடி வருவோரும், 'சமுதாயத் துரோகம்' என்று குற்றம்சாட்ட வருவோரும் ஏமாறுகின்றனர்.

குறையும் உண்டு. நாவலின் மாந்தர் பலர் ஆளுக்கொரு கொள்கையைச் சுமந்து வந்து இறக்கிவைத்துச் செல்கின்றனர்; சிரியாப் பகுதியில் உரையாடல் பாடமாகிவிடுகிறது. பேராசிரியர் நாவலாசிரியரை மிஞ்சிவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கவிதையில் அவருக்கு அந்தச் சுமை இல்லை. 2016இல் வெளியான ஹாஜர் கவிதைகளில், மனநல ஆலோசகர் சொன்னதற்கிணங்க ஸாராவுக்குக் கடிதம் எழுதும் ஹாஜரைச் சந்திக்கிறோம். சிலருக்கு இது மரியாதைக் குறைவாகப் படலாம். நமக்கு அப்படிப் படவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடும் ஹாஜிகள் அனைவரும் பின்தொடர்வது, புலம்பெயர்ந்து வந்து தண்ணீர் தேடிய ஒரு தாயின் காலடிகளைத்தானே!