வென்ற அணிக்குப் பெயரில்லை: பத்திரிகைச் சிக்கனமும் உள்ளூர் விளையாட்டுச் செய்தியும்

நாவலையும் கவிதையையும் ஆராய்ந்து பழகிய நமது விமரிசனம் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் பெரும்பாலும் தனது எல்லைக்குப் புறம்பானதாகவே கருதி வந்துள்ளது. வெகுசனங்கள் நாள்தோறும் விரும்பிப் படிக்கும் எழுத்து இலக்கியமாகுமா என்ற வினா ஒருபுறமிருக்க, ஓர் எழுத்து வடிவம் யாரால் எழுதப்படுகிறது, யாரைப் பற்றிப் பேசுகிறது, எக்காரணத்தால் அழிகிறது என்று ஆராய்வது இலக்கியத்தைச் சமூகவியல் அடிப்படையில் நோக்குவோரின் கடமையாகும். ஐக்கிய அமெரிக்காவில் உள்ளூர் விளையாட்டுச் செய்திக்கு நேர்ந்துள்ள கதி அத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமான பொருளாகும்.

2023 ஓகஸ்ட் மாதத்தில் ஒகையோ மாநிலத்தின் ‘கொலம்பஸ் டிஸ்பாச்’ பத்திரிகையில் உயர்நிலைப் பள்ளி மாணவரின் உதைபந்தாட்டப் போட்டி பற்றிய செய்தியொன்று வெளியாகியது. அமெரிக்கப் பள்ளி அணிகளைக் கழுகு, புலி போன்ற இலச்சினைப் பெயர்களால் அழைப்பது வழக்கம். அச்செய்தியிலோ, அப்பெயர்கள் வரவேண்டிய இடங்களில் ‘வென்ற அணியின் இலச்சினை’, ‘தோற்ற அணியின் இலச்சினை’ என்னும் குறிப்புகளே அடைப்புக்குறிகளுக்குள் எஞ்சியிருந்தன. எழுதியது நிருபரன்று, ‘லீட் ஏஐ’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. போட்டி முடிவுகளை வாக்கியங்களாக மாற்றும் இக்கருவியைப் பத்திரிகையின் உரிமையாளரான ‘கனெற்’ நிறுவனம் தனது வேறு பத்திரிகைகளிலும் பயன்படுத்தி வந்தது. செய்தி பலரின் நகைப்புக்கு உள்ளானதும் அப்பரிசோதனை நிறுத்திவைக்கப்பட்டது.

நகைத்தோர் இயந்திரத்தையே நகைத்தனர். ஆனால், ஒரு பெயரை நிரப்புவதற்கோ, வெளியாகுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பதற்கோ அங்கே மனிதர் எவரும் ஏன் இருக்கவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய வினாவாகும். அதற்கான விடையைக் கருவியின் குறைபாட்டிலன்றி, பத்திரிகைத் தொழிலின் பொருளாதார அடித்தளத்திலேயே தேட வேண்டும்.

அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகைகளைத் தாங்கி நின்றவற்றுள் சிறு விளம்பரங்கள் முக்கியமானவை. அவ்வருவாய் இணையத்துக்குச் சென்றதும் நலிந்த பத்திரிகைகளை நிதி முதலாளித்துவம் மலிவாகக் கைக்கொண்டது. 2019 நவம்பரில் ‘கேற்ஹவுஸ்’ பத்திரிகைக் குழுமத்தின் உரிமையாளர்கள் கனெற்றை வாங்கி அதன் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டனர். இதற்கென ‘அப்பலோ’ என்னும் முதலீட்டு நிறுவனத்திடம் ஏறத்தாழ 180 கோடி டொலர் 11.5 சதவீத வட்டிக்குக் கடனாகப் பெறப்பட்டது. கடன்காரனுக்குரிய வட்டி முதலில் எடுத்துவைக்கப்பட வேண்டியது. எஞ்சியதிலிருந்தே நிருபருக்கு ஊதியம் கிடைக்கும். சிக்கனம் எனப்படுவது இங்கு வீண்செலவைத் தவிர்த்தலன்று. உழைப்பின் பயன் செய்தி அறையிலிருந்து நிதிச் சந்தைக்கு மாற்றப்படுதலேயாகும்.

சிக்கனத்தின் வேறு வழிகளையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். அச்சகங்கள் மூடப்பட்டுத் தொலைவிலுள்ள அச்சகமொன்றில் பத்திரிகை அச்சாகும்போது பக்கங்களை மாலையிலேயே முடித்தனுப்ப வேண்டியுள்ளது. இரவில் முடியும் ஆட்டம் மறுநாட் காலைப் பத்திரிகையில் இடம்பெற இயலாது. 2023 யூலையில் ‘லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்’ அச்சுப் பதிப்பிலிருந்து ஆட்ட விபர அட்டவணைகளையும் வழமையான போட்டிச் செய்திகளையும் நீக்கியது. அதே மாதத்தில் ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ தனது விளையாட்டுப் பகுதியையே கலைத்து, 2022 இல் 55 கோடி டொலருக்கு வாங்கிய ‘தி அத்லெற்றிக்’ நிறுவனத்திடம் அப்பணியை ஒப்படைத்தது. கலைக்கப்பட்ட பகுதியினர் தொழிற்சங்க உறுப்பினர். பொறுப்பேற்ற நிறுவனத்தாருக்கோ அவ்வேளை சங்கம் இருக்கவில்லை. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இனி வடிவத்தை நோக்குவோம். உள்ளூர்ப் போட்டிச் செய்தி எளிமையானது: களம், காலநிலை, ஆட்டம் திரும்பிய கணம், கோல் அடித்தவனின் பெயர், தடுத்தவனின் பெயர். நூறு நிகழ்வுகளுள் எது ஆட்டத்தின் போக்கை மாற்றியது என்று தேர்ந்தெடுப்பது ஒரு மதிப்பீடு. நாவலாசிரியன் செய்யும் தெரிவினின்றும் அது தன்மையால் வேறுபட்டதன்று. முடிவு அட்டவணையிலிருந்து செய்தியை உருவாக்கும் கருவிக்கு இத்தெரிவு இயலாது. அது ஆட்டத்தைக் கண்டதில்லை.

இவ்வடிவத்தின் சமூகப் பொருள் இதனினும் முக்கியமானது. முதலாளித்துவப் பத்திரிகையில் தொழிலாளியின் பிள்ளை பெயரோடு இடம்பெறும் சந்தர்ப்பங்கள் மிகச் சில. குற்றவாளியாகவோ விபத்திற் சிக்கியவராகவோ அன்றி, ஏதோவொன்றைச் செய்தவராக அவர் அச்சில் தோன்றுவது பெரும்பாலும் விளையாட்டுப் பக்கத்திலேயாகும். அந்தத் துண்டை வெட்டிப் பேணும் தாய்க்கு அதன் பயன் பெறுமானம் பெரிது. ஆனால் சில நூறு பேரே படிக்கும் செய்திக்கு விளம்பரச் சந்தையிற் பரிமாற்றப் பெறுமானம் இல்லை. எனவே அது முதலில் வெட்டப்படுகிறது. பெயருக்குப் பதிலாக வெற்று அடைப்புக்குறி நின்றமை இவ்வகையில் தற்செயலான பிழையன்று. சந்தை அம்மாணவரை எவ்வாறு காண்கிறது என்பதற்கு அதுவே உண்மையான சித்திரம்.

இதனால் பழைய விளையாட்டுப் பக்கத்தைப் பொற்காலமாகக் காட்டுதல் தவறாகும். அதுவும் விற்பனைக்காகவே பிறந்தது. பெண்களின் ஆட்டத்தைப் புறக்கணித்தது. பேஸ்போல் ஆட்டத்தில் நிலவிய நிறத்தடையைப் பெருமளவு மௌனத்தால் ஏற்றுக்கொண்டது. அம்மௌனத்தைக் கறுப்பினப் பத்திரிகைகள் எதிர்த்தன. அமெரிக்கக் கம்யூனிஸ்ற் கட்சியின் ‘டெய்லி வேக்கர்’ பத்திரிகையில் 1936 முதல் விளையாட்டாசிரியராக இருந்த லெஸ்ரர் றொட்னியும், 1947 இல் ஜக்கி றொபின்சன் புரூக்லின் அணிக்கு ஆடுவதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே அத்தடைக்கெதிராக எழுதினார். ரிரினிடாட்டைச் சேர்ந்த மாக்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1932 இல் இங்கிலாந்து சென்று, லங்காஷயரின் பருத்தி நெசவு நகரான நெல்சனில் துடுப்பாட்ட வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைனுடன் தங்கியிருந்தார். ‘மான்செஸ்ரர் கார்டியன்’ பத்திரிகைக்குத் துடுப்பாட்டம் பற்றி எழுதினார். பிற்காலத்தில் அவர் துடுப்பாட்டத்தைக் கலையாகவும் வரலாறாகவும் ஆராய்ந்த நூலுக்கு அவ்வனுபவமும் உரமாயிற்று. விளையாட்டுப் பக்கம் கருத்துப் போராட்டத்துக்குரிய களம் என்பதை இவை உணர்த்தும். பக்கமே இல்லாதவிடத்துப் போராட்டத்துக்கும் இடமில்லை.

பெற்றோரும் பயிற்றுநரும் கைத்தொலைபேசியிலேயே முடிவுகளை வெளியிடுகின்றனர். நிருபர் எதற்கு என்று வினவுவோர் உளர். முடிவு அவ்வாறு கிடைக்கும் என்பது உண்மையே. எனினும் பயிற்றுநர் தம்மைப் பற்றித் தாமே விசாரித்து எழுதமாட்டார். ஐக்கிய அமெரிக்க உடற்கலை விளையாட்டுச் சங்கம் பாலியல் துன்புறுத்தல் பற்றிய முறைப்பாடுகளைக் கையாண்ட விதத்தை 2016 இல் வெளிக்கொணர்ந்தது, சங்கத் தலைமையகம் அமைந்த நகரின் ‘இண்டியானாபொலிஸ் ஸ்ரார்’ பத்திரிகையே. அதன் விளைவாகவே மருத்துவர் லறி நாசரின் குற்றங்கள் அம்பலமாகி, 2018 இல் அவர் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். அப்பத்திரிகையும் அன்று கனெற்றுக்கே உரியதாயிருந்தது என்பது கவனிக்கத்தக்க முரண்பாடாகும். ஒரே நிறுவனத்தினுள் மனித உழைப்பு எதைச் சாதித்தது என்பதையும் அது நீக்கப்பட்டபோது எது எஞ்சியது என்பதையும் இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கடதாசித் தட்டுப்பாடு ஏற்பட்டு, இலங்கையிலும் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்த நேர்ந்தது. காரணம் வேறு, எனினும் பக்கங்கள் சுருங்கும்போது யாருடைய பெயர் முதலில் விடுபடுகிறது என்ற வினா எங்கும் ஒன்றே. நமது கிராமத்து உதைபந்தாட்டக் கழகங்கள் பற்றிப் பழைய பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகளைத் திரட்டிப் பேணுவதும், அவற்றை எழுதிய பிரதேச நிருபர்களின் தொழில் நிலைமையை ஆராய்வதும் பல்கலைக்கழகத் தமிழாய்வுக்குப் புறம்பான பணிகளல்ல. தன்னைப் பற்றி எழுதுவோரை இழந்த ஊர், நாளடைவில் தன் வரலாற்றுக்கான சான்றுகளையும் இழந்துவிடும்.